எல்லாத் திரையிலும் 1.0

எண்பதுகளின் கடைசியில் பவானிபூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். புரோகிராம் எழுத இரண்டே பேர்: நானும், அண்ணா என்ற பொருளில் நான் தாதா என்று கூப்பிட்ட வங்காளி சீனியரும். சில தனியார் ரத்த வங்கிகளுக்கு, பாட்டிலில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம்.

அதில் ஒரு தவறு இருந்தது. கொடுத்தவர் பெயர் நீளமாக இருந்தால், ஏபி பிரிவு வெறும் ஏ என்று விழும். ஏபி ரத்தத்தை ஏ பிரிவுக்காரருக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. தெரிந்ததும் திருத்தி, புது ஃபிளாப்பிகளை எல்லா இடத்துக்கும் அனுப்பினோம். பிறகு ஒரு நாள் காளிகாட் ரத்த வங்கியிலிருந்து போன்: அதே தவறு. அங்கே பழையதே ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஜாதவ்பூர் ரத்த வங்கியில் ஓடுவது எது? பழையதிலும் புதியதிலும் திரையில் வெர்ஷன் எண் 1.0தான். எண்ணை மாற்றினால் பழையதில் கோளாறு என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும் என்று முதலாளி மாற்ற விடவில்லை.

ஜாதவ்பூருக்குப் போன் கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏறினேன். ஊர்வலத்தில் பஸ் நின்றுவிட, இறங்கி ஓடினேன். போய்ச் சேர்ந்தால் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்க்கக்கூட வழியில்லை.

"ஏ பாட்டில் எதையும் கொடுக்காதீங்க" என்றேன் டெக்னீஷியனிடம்.

"எது சரி, எது தப்புன்னு சொல்லுங்க."

"தெரியாது. எல்லாத்தையும் கையால டெஸ்ட் பண்ணணும்."

பெஞ்சில் காத்திருந்த பெண் எழுந்து வந்தாள். அவள் அம்மாவுக்கு ஆபரேஷன். ஏ ரத்தம் வேண்டும். அக்கா என்பதை வங்காளியில் தீதி என்று சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

"தீதி, பாட்டில் கண்ணெதிரே இருக்கே. ஏன் தர மாட்டேங்கறீங்க?"

டெக்னீஷியன் ஜன்னலோரம் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். ஏ என்று ஒட்டியிருந்த முதல் பாட்டிலே ஏபி. ஒருவழியாகச் சரியான பாட்டில் கிடைத்ததும், அதை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் ஓடினாள்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் தாதாவும் நானும் முதலாளியைக் கேட்காமலே வெர்ஷன் எண்ணை 1.1 ஆக்கினோம். ஒவ்வொரு முறை புரோகிராமை மாற்றிக் கம்பைல் செய்யும்போதும் தானே ஒன்று ஏறும் பில்ட் எண்ணையும் சேர்த்தோம். இரண்டும் முதல் திரையில் பெரிதாக வந்தன. லேபிளின் அடியிலும் விழுந்தன.

"யார் சொல்லி மாத்தினீங்க? எடுங்க அதை" என்று கத்தினார் முதலாளி.

"எடுக்கணும்னா எங்களையும் சேர்த்து எடுங்க" என்றார் தாதா. முதலாளி கதவை அறைந்துகொண்டு போனார். எண்கள் இருந்தன.

அடுத்த வாரம் புது ஃபிளாப்பியோடு ஜாதவ்பூர் போனபோது அந்தப் பெண்ணின் அம்மாவைப் பற்றி விசாரித்தேன். ரத்தம் போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டாராம். ரத்தம் முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். டெக்னீஷியன் ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.