தலைதீபாவளிக்குக் கரி எஞ்சின்

எங்கள் நாமக்கல் பக்கம் அப்போது தண்டவாளமே கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் சேலத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "அவனுக்குப் பொண்ணு எதுக்குங்க, நல்ல எஞ்சினாப் பாத்துக் கட்டி வெச்சுருங்க" என்று என் மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் ஆனது. பெண் ஆத்தூர். சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போகும் மீட்டர்கேஜ் பாதையில் இன்னும் கரி எஞ்சின்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சம்பந்தத்துக்கு நான் உடனே தலையாட்டியதில் அதற்கும் பங்கு உண்டு.

தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றாள் மனைவி. ரயில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இளம்பிள்ளைப் பட்டுச் சேலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், வாழப்பாடி வருவதற்குள் கண்ணில் விழுந்த கரியை இரண்டு தடவை துடைத்துவிட்டாள். 

வாழப்பாடி தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக நிறுத்தினார்கள். மழை விட்டிருந்த காலை. ஈரக்காற்றில் நீராவி வெள்ளை வெளேரென்று எழும்பும். அதைப் படமெடுக்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. "இதோ வந்தர்றேன்" என்று இறங்கி, எஞ்சினைத் தாண்டி வளைவு வரைக்கும் நடந்தேன். வண்டி கிளம்பும்போதுதான் படம் நன்றாக வரும். எடுத்துவிட்டு, மெதுவாக வருகிற வண்டியின் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அப்படிப் பல தடவை ஏறியவன்தான்.

எதிர் வண்டி வந்து நின்றது. எங்கள் வண்டிக்குக் கைகாட்டி சிக்னல் இறங்கியது. வண்டி ஊதிக்கொண்டு கிளம்பியது. ஒன்று எடுத்தேன், ஃபிலிமைச் சுற்றினேன், இன்னொன்று எடுத்தேன். அதோடு கேமராவை இறக்கியிருந்தால் ஏறியிருப்பேன். மூன்றாவதும் எடுத்தேன். கார்டு பச்சைக்கொடியோடு என்னைத் தாண்டும்போது, "ஏனுங்க, ஏறலீங்களா?" என்றார். ஓடினேன். கைப்பிடி விரலில் பட்டது, அவ்வளவுதான்.

டிக்கெட் இரண்டும் என் சட்டைப்பையில். ஆத்தூர் ஸ்டேஷனில் மாமனார் மாலையோடு நிற்பார். தலைதீபாவளிக்குப் பெண் மட்டும் தனியாக வந்து இறங்கினால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா?  மரவள்ளிக் காட்டு வரப்பில் விழுந்தடித்து ஓடி ரோட்டைப் பிடித்தேன்.

ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்து, ஆத்தூர் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது உச்சிவேளை. பிளாட்பார பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமனார், மடியில் வாடிப்போன மாலை.

"வீட்டுக்குப் போலாம்மான்னு எவ்வளவோ சொன்னேன். நீங்க வராம வாசப்படி ஏற மாட்டேன்னுட்டா மாப்பிள்ளை" என்றார். பிறகு, "மயக்கம் இப்பத் தேவலையா?" என்று கேட்டார்.

தலைசுற்றி நான் வழியில் இறங்கிவிட்டதாக அவரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். "தேவலைங்க மாமா" என்றேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் இருவரையும் சேர்த்து நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள். தீபாவளி நல்லபடியாக முடிந்தது.

பத்து நாள் கழித்து சேலத்தில் பிரிண்ட் வாங்கிவந்தேன். மூன்றாவது படம் பிரமாதமாக வந்திருந்தது. ஆசையாக அவளிடம் காட்டினேன். அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த பெட்டியின்மேல் விரலை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது, வளையல்களோடு.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"எஞ்சின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல புள்ள."

கேட்டது. இரண்டு தடவை கேட்டது. அந்தக் கையை உள்ளே எடுத்துக்கொண்டால் படம் இன்னும் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.