வேலூரிலிருந்து டாக்குரியாவுக்கு, மெதுவாக

ஹூக்ளியின் இரண்டாவது பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள். கொல்கத்தாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. துறைமுக ஆபீஸில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து பாதி ஆயுள் கழிந்துவிட்ட எனக்குத் தெரியாது. அந்தப் பாலத்தின் மேல் எத்தனையோ முறை போயிருக்கிறேன், எல்லாம் டாக்ஸியில். டாக்ஸியில் போகிறவன் கண் மீட்டரில் இருக்கும், போர்டில் இருக்காது. ஆகவே வேலூரில் கிளம்பி, ஆந்திரக் கரையையும் ஒடிசாவையும் சைக்கிளில் தாண்டி வந்த நடுவயதுத் தம்பதியான எங்களை, வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது சுங்கச் சாவடியில் நிறுத்தினார்கள்.

"தாதா, சைக்கிள் போகாது," என்றார் போலீஸ்காரர். அவர் பேசியது வங்காளம்; அதில் தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி. இனி இந்தக் கட்டுரையில் வங்காளிகள் எல்லோரும் என் வசதிக்காகத் தமிழில் பேசுவார்கள்.

"அந்தப் பக்கம் மாலையோட ஆளுங்க நிக்கறாங்க," என்றேன்.

"மாலை எங்க இருந்தா என்ன, சைக்கிள் போகாது. எங்கேருந்து வர்றீங்க?"

"வேலூர்."

அவர் முகம் மாறிவிட்டது. வங்காளத்தில் வேலூர் என்பது ஊர்ப்பெயர் அல்ல, வைத்தியத்தின் பெயர். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் அங்கே போய் வந்திருப்பார்.

"யாருக்கு உடம்பு?"

"இப்ப யாருக்கும் இல்லை," என்றாள் என் மனைவி.

"என் மாமனாருக்குப் பித்தப்பையை அங்கதான் எடுத்தோம். ரயில்ல போனோம்." சைக்கிள்களை ஏற இறங்கப் பார்த்தார். "ரயில் இருக்கே, பௌதி."

"தெரியும். முதல் தடவை அதுலதான் போனோம்."

அந்த முதல் தடவையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள். பதினோராம் வகுப்பில் இருந்தபோது இரத்தத்தில் நோய் வந்தது. மற்ற வங்காளிகளைப் போல நாங்களும் ரயிலேறினோம். வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் வங்காளத்தில் போர்டு, வங்காளத்தில் பேரம், மீன் கடை. சொந்த மாநிலத்துக்கு வந்த இரண்டு தமிழர்கள் மாடிப்படியில் வங்காளத்தில் விசாரிக்கப்பட்டு வங்காளத்தில் பதில் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் லாட்ஜில் கிடந்தோம். மகளுக்கு அது பிடித்திருந்தது. அவள் தமிழைவிட வங்காளத்தில்தான் நன்றாகத் திட்டுவாள்.

அந்த லாட்ஜுகளில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். நோயாளிக்கு வேண்டியதை அறைக்குள்ளேயே சமைத்துக்கொள்ள வேண்டியதுதான். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு முழ இடம், அதில் மண்ணெண்ணெய் நாற்றம். மகள் கேட்டது மீன் குழம்பு. டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் மாஷிமா, அதாவது ஊருக்கெல்லாம் சித்தியான எழுபது வயது அம்மாள், சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஊட்டிக் கெடுத்து வைத்திருந்தார். என் மனைவி முட்டையைக்கூடத் தூரத்தில் வைத்துப் பார்க்கிற வம்சம். பக்கத்து அறையில் இருந்த பர்த்வான்காரப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மீன் கழுவக் கற்றுக்கொண்டாள். உப்புதான் எப்போதும் தப்பாக இருக்கும். மகள் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். சாப்பிட முடிந்த வரைக்கும் சாப்பிட்டாள்.

திரும்பும் ரயிலில் நாங்கள் இரண்டு பேர்.

இது நடந்து மூன்றாவது வருடம், ஓர் அறக்கட்டளை அங்கே வெளியூர்க் குடும்பங்களுக்காக ஒரு பொதுச் சமையலறை கட்டப்போவதாகத் தெரிந்தது. அதற்கு நிதி திரட்ட சைக்கிளில் போகலாம் என்று சொன்னது என் மனைவி. "அந்த ரயில்ல வரும்போது நான் ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தேன். ஒண்ணுமே பாக்கலைங்க. அந்த வழியை ஒரு தடவை பாக்கணும்," என்றாள். பார்க்கத்தானே, ரயிலிலேயே இன்னொரு ஜன்னல் சீட் எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. என் உடலமைப்பு சைக்கிளுக்கு ஏற்றதல்ல; சாய்வு நாற்காலிக்காகவே அளவெடுத்துச் செய்தது. இருந்தாலும் சரி என்றேன். அந்த மூன்று வருடமாக எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுப்புச் சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ இருக்க வேண்டுமல்லவா.

கிளம்பிய அன்று காலை, பழைய லாட்ஜின் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த ரூமைத் திறந்துடணும். சரியா?"

"சரி," என்றேன்.

மகளின் அறை பூட்டியே இருந்தது. பூட்டியது நான்தான். அவள் போர்வை, புத்தகம், கடைசியாக உரித்துப்போட்ட ஸ்வெட்டர் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, கதவைச் சாத்திவிட்டேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று அவள் மூச்சு விட்ட காற்று என்று ஒரு கணக்கு. அறிவியல் படித்தவன்தான் நான். கதவுக்கடியில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்து இடுக்கையும் அடைத்தேன். இதையெல்லாம் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாதமும் அந்தக் கதவு முன்னால் ஒரு முறை நின்றுவிட்டுப் போவாள்.

ஆகவே பயணத்தின் கதை சுருக்கமாக இது: அவள் அந்தக் கதவை நோக்கி மிதித்தாள், நான் அந்தக் கதவுக்கு எதிராக மிதித்தேன், இருவரும் ஒரே திசையில் போனோம்.

அவள் முன்னால், நான் பின்னால். அவள் முதுகுப்பையில் மஞ்சள் உறை. கல்யாணமான இத்தனை வருடத்தில் பார்த்ததைவிட அதிகமாக என் மனைவியின் முதுகை நெல்லூருக்கும் ஸ்ரீகாகுளத்துக்கும் நடுவில் பார்த்துவிட்டேன். கடல் இருந்தது என்கிறார்கள். சில்கா ஏரி அழகாக இருந்தது என்று அவளே சொன்னாள். எனக்குத் தெரிந்தது மஞ்சள் உறை, லாரி, லாரியின் பின்னால் எழுதியிருந்த வாசகங்கள். பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தாபாக்களில் நான் நடந்துபோவதைப் பார்த்துப் பரிமாறுகிறவர்கள் மரியாதையாக இருக்கையைத் துடைத்துவிட்டார்கள். மூல வியாதி என்று நினைத்திருக்க வேண்டும்.

ஓங்கோல் தாண்டியதும் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போயின. கைப்பிடியில் உள்ளங்கை அழுந்துவதால் நரம்பு நசுங்குகிறது, நிறுத்தினால் சரியாகும் என்றார் விசாகப்பட்டினத்தில் ஒரு டாக்டர். "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுதான் பிரச்னை," என்றார். எனக்கு அது பிரச்னையாகப் படவில்லை. உடம்பில் மற்ற பாகங்களுக்கும் சேர்த்து அந்த இரண்டு விரல்கள் முன்மாதிரியாக இருந்தன.

பாலசோரில் டயரில் காற்று குறைகிறது என்று ஒரு நாள் தங்க வைத்தேன். கரக்பூரில் வயிறு. கோலாகாட்டில், நல்ல ஊர், ஆற்றைப் பார்க்கலாம் என்றேன். அதுவரை நான் எதையும் பார்க்கலாம் என்று சொன்னதில்லை. அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மண் குவளையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, மெதுவாப் போனா வீடு நகர்ந்து போயிடாது."

"இல்ல, முட்டி..."

"நேத்து வயிறு. இன்னிக்கு முட்டியா? நாளைக்கு எதுன்னு இப்பவே சொல்லிடுங்க, மாத்திரை வாங்கி வெச்சுக்கறேன்."

அதற்குமேல் பேச உறுப்பு பாக்கியில்லை. ஏறி மிதித்தேன்.

இப்படித்தான் பாலத்தடியில் நின்றோம். போலீஸ்காரர் கடைசியில் தன்னால் முடிந்ததைச் செய்தார்: ஹவுரா ஸ்டேஷன் எதிரே ஃபெரி பிடித்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள் என்றார். திரும்பினோம். ஆகையால் எங்கள் மகத்தான சைக்கிள் பயணத்தின் கடைசிப் பகுதி படகில் நடந்தது. பக்கத்தில் ஒருவர் கூடையில் காலிஃபிளவர் வைத்திருந்தார். ஆற்றின் நடுவில் மனைவி கேட்டாள்: "இது முடிச்ச கணக்குதானே?"

"சைக்கிள் நம்மளோடதானே வருது," என்றேன்.

கிடர்பூரில் பாலம் இறங்கும் இடத்தில் பேனரோடு நின்றிருந்த ஆபீஸ் நண்பர்கள், செய்தி கேட்டு வண்டிகளைத் திருப்பிக்கொண்டு பாபுகாட் படித்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். மாலை பாதி உதிர்ந்திருந்தது. எங்கள் ஆபீஸின் திருநெல்வேலிக்காரர்தான் முதலில் ஓடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, ரோட்டுல வருவீயன்னு பாத்தா தண்ணியில வாரிய?"

"பாலத்துல விடல."

"அங்கன சைக்கிள் விடமாட்டாம்லா. தெரியாதா? ஏ, இவரு தெரியாம வந்திருக்காருவே," என்று மற்றவர்களுக்கு அறிவித்தார். எல்லோரும் மிகவும் மகிழ்ந்தார்கள். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஐடி கம்பெனிப் பெண் ஒருத்தி, எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் புதிதாக வந்தவள், "அங்கிள், இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். நேர்மையாகவே யோசித்தேன். "வலது கையில ரெண்டு விரல் தெரியலம்மா," என்றேன். சிரித்தார்கள். நகைச்சுவை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இதுதான் வசதி. எதைச் சொன்னாலும் சிரித்துவிடுவார்கள், மேலே கேட்கமாட்டார்கள்.

மனைவி சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போகலாம்," என்றாள்.

சைக்கிளுக்கு அனுமதி உள்ள சந்து பொந்துகளாகத் தேடி, பாதி தூரம் தள்ளிக்கொண்டே, டாக்குரியா வந்தபோது மத்தியான வெயில் சாய்ந்திருந்தது. கீழ்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாஷிமா நின்றிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவரிடம்தான் சாவியைக் கொடுத்திருந்தோம். ஒரே வளையத்தில் எல்லாச் சாவியும் இருந்தது. இது அப்போது என் புத்திக்கு உறைக்கவில்லை.

"கறுத்துப் போயிட்டியே," என்று மனைவியின் கன்னத்தைப் பிடித்தார். என்னைப் பார்த்து, "நீ அப்படியேதான் இருக்க," என்றார். என் தொப்பையைச் சொன்னார். பிறகு படியேறிக்கொண்டே, சாதாரணமாக, "மாமணியோட ரூம்ல புறா பூந்துடுச்சு," என்றார்.

மாமணி என்பது எங்கள் மகளுக்கு அவர் வைத்த பெயர்.

நான் படியில் நின்றுவிட்டேன். ஜன்னல் தாழ்ப்பாள் சரியாக விழாமல் இருந்திருக்கிறது. கதவிடுக்கில் துண்டு வைத்தவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. மாஷிமா சொல்லிக்கொண்டே போனார்: "நீங்க போன கொஞ்ச நாள்லயே, ஒரு நாள் காலைலேருந்து மேல படபடன்னு சத்தம். மூச்சு முட்டிச் செத்துப்போயிடுமேன்னு திறந்தேன். திறந்தா ஒரே பூஞ்சை. பஞ்சுப் போர்வை, மெத்தை, எல்லாம் நாறிப் போச்சு. மொட்டை மாடியில வெயில்ல போட்டேன். உறையெல்லாம் துவைச்சுட்டேன். ஃபினாயில் போட்டுத் துடைச்சாச்சு. ஸ்வெட்டரை மட்டும் பூச்சி அரிச்சிடுச்சு, தைச்சு வெச்சிருக்கேன்."

வேலூரிலிருந்து எதை நினைத்து டயரையும் வயிற்றையும் முட்டியையும் சாக்குச் சொன்னேனோ, அது ஒரு புறாவுக்காக என்றைக்கோ நடந்து முடிந்திருந்தது. கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. எங்கிருந்து வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

மனைவி கேட்டாள்: "புறா உயிரோட போச்சா, மாஷிமா?"

"போகாம? ஃபேன் மேல உக்காந்துக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுச்சு. பொரி போட்டுக் கூப்பிட்டேன். தின்னுட்டுப் போச்சு."

கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் சலவை விரிப்பு. வெயிலில் காய்ந்த பஞ்சின் மணமும் ஃபினாயிலும். வேறெந்த மணமும் இல்லை; நான் மூக்கை வைத்துத் தேடியும் இல்லை. நாற்காலி மேல் மடித்த ஸ்வெட்டர், முழங்கையில் வேறு நிற நூலில் தையல். மனைவி அதை எடுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். வலது கையில் வாங்கினேன். கம்பளி எது, காற்று எது என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அழாதீங்க," என்றாள். நான் அழவில்லை. அவளும் அழவில்லை. யாராவது ஒருவர் சொல்ல வேண்டிய இடம் என்பதால் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மாஷிமா லூச்சி என்கிற மைதா பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டு வருவதாகச் சொல்லிக் கீழே போனார். எங்கள் படுக்கையறை தூசி படிந்து கிடந்தது. வீட்டில் சுத்தமாக இருந்த ஒரே கட்டில் மகளுடையதுதான். மனைவி ஷூவைக் கழற்றாமலே அதில் படுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே ரயில் சத்தம். சிறகுச் சத்தம் போலவும் ஏதோ கேட்டது.

"தாழ்ப்பாளைப் போடட்டுமா? மறுபடி பூந்துடும்," என்றேன்.

"போடுங்க, முடிஞ்சா."

முடியவில்லை. அது சின்னக் கொக்கி. இடது கையில் ஸ்வெட்டர் இருந்தது; வலது கைப் பிடியில் அதைத் திருப்ப வரவில்லை. இரண்டு முறை வழுக்கியது. "விடுங்க," என்றாள், கண்ணை மூடிக்கொண்டு. "விரல் சரியானப்புறம் போட்டுக்கலாம்."

விரல்கள் சரியாகிப் பல மாதம் ஆகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மாஷிமா வாரம் ஒரு முறை புறாவுக்குப் பொரி வாங்கி வருகிறார்.