புளியமரத்துக் குழாயும் சுவீடன் பாட்டும்

லாரி முதலாளி என் முன்பல்லைப் பெயர்த்த அன்று நான் திருவண்ணாமலையில் இறங்கிக்கொண்டேன். கிளீனர் வேலை. டீசல் திருடியது டிரைவர், அடி எனக்கு. எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே செங்கம் ரோட்டில் நடந்தேன். ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்குத் தங்கும் வீடுகளில் தண்ணீர் தூக்கவும் மார்க்கெட்டுக்குப் போகவும் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பம்பாய் வரை லாரியில் போய்வந்ததில் எனக்கு உடைந்த இங்கிலீஷ் கொஞ்சம் வரும். ஒரு வீட்டில் வேலை கிடைத்துவிட்டது. இது தொண்ணூறுகளின் நடுவில்.

அந்த வருஷம் தீபக் கூட்டம் வடிந்த பிறகு சுவீடனிலிருந்து ஒரு பாட்டுக் குழு வந்து அந்த வீட்டை முழுதாக எடுத்தது. ஆணும் பெண்ணுமாக இருபது பேருக்குக் குறையாது. ஒருவர் பஸ் டிரைவர், ஒருத்தி பல் டாக்டர், இரண்டு பேர் காகித ஆலையில் வேலை. யாருக்கும் பாட்டு தொழில் இல்லை. அவர்கள் நாட்டில் சின்ன ஊரில்கூட இப்படி ஒரு குழு இருக்குமாம். வேலை முடிந்து வந்து வாரம் தவறாமல் சேர்ந்து பாடுவார்களாம். ஆர்மோனியம் கிடையாது, தாளம் கிடையாது. குழுவை நடத்தும் அம்மாள் சுருதி பிடிக்க ஒரு இரும்புக் கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைப்பார். மெல்ல முனகுவார். அதிலிருந்து நாலு விதமான குரல் பிரிந்து கிளம்பும். ஒரே குரல்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். கட்டைக்குரல்காரன் பக்கத்தில் கீச்சுக்குரல்காரி. அடுத்தவர் குரலைக் கேட்டுக்கொண்டே தன்னுடையதைப் பாட வேண்டும்; தன் குரல் மட்டும் தனியாகக் கேட்டால் அது தப்பு.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் விடிவதற்கு முன் எல்லாரும் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டார்கள். ஒரு பெண் தலையில் வளையம் வைத்து அதில் மெழுகுவத்திகளைக் கொளுத்திக்கொண்டாள். சூரியனே சரியாக எட்டிப் பார்க்காத மாதத்தில் அவர்கள் ஊரில் இப்படித்தான் பாடிக்கொண்டு வருவார்களாம். வீட்டுக்காரம்மா வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார்.

"இன்னாடா இது, தலையில கொள்ளிய வெச்சிக்கினு வராளுங்க?"

"அவங்க ஊர் சாமி பாட்டும்மா."

"வெள்ளப் பொடவைய கட்டிக்கினா? நல்லா இருக்குது போ."

மெழுகு வழிந்து அந்தப் பெண்ணின் முடியில் தீப்பிடித்தது. பொசுங்கிய நாற்றம் வாசல் வரை வந்தது. பக்கத்தில் நின்றவன் வெறும் கையால் அடித்து அணைத்தான். அவள் வாய் மூடவில்லை. யாரும் ஒரு வரியைக்கூட விடவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் அழுதாள்.

அவர்களோடு ஒலிப்பதிவு செய்பவர் ஒருவர் வந்திருந்தார். நெட்டை மனிதர். பல வருஷமாகத் தன் நாட்டில் ஊர் ஊராகப் போய், மாதா கோயில்களில் இப்படிப்பட்ட குழுக்களைப் பதிவு செய்தவர். அவரிடம் இருந்தது ஒரு சின்ன மெஷின், ஒரு கம்பத்தில் இரண்டு மைக், காதில் மாட்டும் ஹெட்போன். கிரிவலப் பாதையில் மண்டபம் மண்டபமாகப் போய்க் கைதட்டிப் பார்த்தார். அடி அண்ணாமலையில் ஒரு கல்மண்டபம் அவருக்குப் பிடித்துவிட்டது. கட்டைக்குரல் அதிகமாகக் கேட்டால் மெஷினில் எதையும் திருக மாட்டார். அந்த ஆளை ஓரடி பின்னால் தள்ளி நிற்கச் சொல்வார். கடைசி எழுத்துப் பாடி முடித்த பிறகும், கல்லில் ஒட்டியிருக்கிற ஓசை அடங்கும் வரை ஒருவரும் அசையக் கூடாது, மூச்சுக்கூட மெல்ல விட வேண்டும். அவர் கை இறங்கினால்தான் பாட்டு முடிந்ததாகக் கணக்கு.

சத்தத்தை நிறுத்துவது என் வேலை. கால் மைல் தள்ளி ஓடும் பம்புசெட்கூட அவர் காதில் விழும். நான் ஓடிப் போய், "சத்தம் போடாதீங்க, பாட்டு புடிக்கிறாங்க" என்று கெஞ்ச வேண்டும். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை வீசினார். டீக்கடைக்காரர் வெந்நீரைக் காலில் ஊற்றினார். கல் குவாரியில் வெடி வைக்கிறவன் மட்டும் காரணமே கேட்காமல் நிறுத்தி வைத்தான். நாய்களை நான் கல்லால் அடித்தேன்; ஒன்று நொண்டியாகிவிட்டது.

கடைசியாக ஒரு பாட்டு பாக்கி. பழைய கதைப்பாட்டு. ஒரு குதிரைக்காக ஒருவனைக் கொன்று, வெட்டிப் புதைத்து, பிறகு அகப்பட்டுத் தலை போகிற கதை என்று எனக்குச் சொன்னார்கள். தாலாட்டு மாதிரிப் பாடுவார்கள். விடியற்காலையில்தான் அதைப் பதிவு செய்ய வேண்டும், வெயில் ஏறினால் பாதையில் வண்டி ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மண்டபத்துக்கு வெளியே புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. ஊர்க் கோயிலுக்காக இருட்டோடு பாட்டு போடுவார்கள்.

மைக்செட்காரரிடம் போனேன். ஒல்லியான ஆள், வாயில் எந்நேரமும் வெற்றிலை.

"ஒரு பாட்டுக்கு மட்டும் நிறுத்துங்கண்ணா. ஏழெட்டு நிமிஷம்."

"மைக்கு இல்லாம பாடுறானுங்களாமே? செட்டு எடுக்க வசதி கம்மியா?"

"அவங்க ஊர்ல அப்படித்தாண்ணா."

"பாவம்." துப்பினார். "ஒரு பாட்டு. அதுக்கு மேல இழுத்தே, குழாய கழட்டி உன் வாயில சொருகிடுவேன்."

அவர் எனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த ஊரில் மார்கழி முழுக்க விடியலில் எவன் குழாய் நிற்காமல் பாடுகிறதோ, வருஷம் முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அவனுக்குத்தான். நடுவில் ஒரு விடியல் வாயடைத்தால் அடுத்தவன் தன் குழாயை ஏற்றலாம். ஏற்றுவதற்கு அவர் மச்சானே, பெண்டாட்டியின் தம்பி, செட்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஏழு நிமிஷத்தில் எவன் முழித்துக்கொள்ளப் போகிறான் என்று இவர் நினைத்திருப்பார்.

மறுநாள் அவர் மரத்தடியில் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தியதும் குழு ஆரம்பித்தது. அவர்கள் அரைவட்டமாக, அந்த அம்மாளைப் பார்த்து நின்றார்கள். மைக்குக்கு இடதுபுறம், வெளியே, மரம். நான் வலதுபுறத் தூண் ஓரமாக, மைக் கம்பத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றேன். பாட்டு பாதி தாண்டியிருக்கும். மச்சான் ஏணியும் குழாயுமாக வந்தான், கூட இரண்டு பேர். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மைக்செட்காரர் ஏணியைப் பிடித்து இழுத்தார். அவன் இவர் முகத்தில் குத்தினான். இவர் விழுந்து, எழுந்து, அவன் கையைக் கடித்தார். அவன் குழாய் மாட்டுகிற இரும்புக் கம்பியை எடுத்து இவர் மண்டையில் இறக்கினான். தேங்காய் உடைகிற சத்தம். கீழே கிடந்தவரை இன்னொரு முறை அடித்தான்.

குழு பாடிக்கொண்டுதான் இருந்தது. நாலு நாளாகச் சண்டைச் சத்தம் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் பழகிவிட்டது. என் வாயிலிருந்து மட்டும், "ஐயோ, கொன்னுட்டான்" என்று வந்துவிட்டது. நெட்டை மனிதர் என்னை முறைத்தார். பாட்டு முடிந்து, ஓசை அடங்கி, அவர் கை இறங்கிய பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மரத்தடியில் ஒருவர் ரத்தத்தில் கிடந்தார். வேறு யாரும் இல்லை. நான்தான் ஓடிப் போய் அவர் தலையை மடியில் வைத்தேன். சட்டையெல்லாம் ரத்தம்.

போலீஸ் வந்தபோது மச்சானும் அந்த இரண்டு பேரும் வந்து நின்றார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லித் தகராறு செய்து நான் அடித்துவிட்டேன் என்றார்கள். நாலு நாளாக ஊர் முழுக்க நான் சத்தத்துக்காகச் சண்டை போட்டதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். எனக்கு ஊர் இல்லை, விலாசம் இல்லை, சட்டையில் ரத்தம் இருந்தது. மைக்செட்காரர் பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். செத்தால் கொலைக் கேஸ், பிழைத்தால் கொலை முயற்சி என்று ஏட்டு விளக்கினார்.

எந்த ஸ்டேஷன் என்று சொல்லத் தேவையில்லை. ஜட்டியோடு நிற்க வைத்தார்கள். பிறகு குப்புறப் படுக்கவைத்து உள்ளங்காலில் லத்தியால் அடித்தார்கள். உள்ளங்காலில் அடித்தால் வலி பல்லில் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஒத்துக்கோடா, கம்மியா போட்டு வுடுறேன்" என்றார் ஏட்டு. அடிக்கிற சமயத்தில் அது நியாயமாகக்கூடத் தோன்றியது.

பாட்டுக் குழுவில் நாலு பேர் வந்து, நான் அவர்களோடு மண்டபத்துக்குள் இருந்தேன் என்றார்கள். எஸ்.ஐ. கேட்கவில்லை. "முதுகக் காட்டி நின்னுக்கினு இருந்தவன் இன்னாத்த பாத்தான்? நாளைக்கு ஃபிளைட் ஏறிடுவான். கோர்ட்டுக்கு எவன் வருவான்?"

மறுநாள் மத்தியானம் நெட்டை மனிதர் தனியாக வந்தார். மெஷினை மேஜையில் வைத்து, ஹெட்போனை எஸ்.ஐ.யிடம் நீட்டினார். லாக்கப்பிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நிற்க முடியாததால் உட்கார்ந்துகொண்டே பேசினேன்.

எஸ்.ஐ. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பய்யா அடி வருது? சாவு வீட்டுப் பாட்டாட்டம் இழுக்குறானுங்க."

"இன்னும் கொஞ்சம்தாங்க ஐயா."

திடீரென்று முகம் மாறியது. மறுபடி போடச் சொன்னார். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக் கேட்டார். "அடி இந்தக் காதுல, தூரத்துல விழுது. இவன் குரல் அந்தக் காதுல, கிட்டக்க." என்னைப் பார்த்தார். "நீ சொன்னத சொல்லுடா."

"ஐயோ, கொன்னுட்டான்."

"மெதுவா சொல்றான் பாரு." ஏட்டு பிடரியில் ஒன்று வைத்தார். "அதே மாதிரி சொல்லு."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார்கள். நாலைந்து முறை கேட்ட பிறகு எஸ்.ஐ. ஹெட்போனைக் கழற்றினார். "இவன்தான். அடிச்சவன் வேற." டேப்பை எடுத்துத் தரச் சொன்னார்.

அதே டேப்பில்தான் நாலு நாள் பாட்டும் இருந்தது. அவரிடம் இருந்தது ஒரே மெஷின். இன்னொரு டேப்பில் நகல் எடுக்க வழியில்லை. எடுத்தாலும் கோர்ட்டில் நகல் செல்லாது, அசல்தான் வேண்டும் என்றார் எஸ்.ஐ. அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். நெட்டை மனிதர் மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் காலைப் பார்த்தார். பிறகு பட்டனை அழுத்தி டேப்பை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். ஏட்டு அதைக் கவரில் போட்டு அரக்கை உருக்கிச் சொட்டினார்.

சாயங்காலம் என்னை விட்டார்கள். மச்சானைக் கொண்டுவந்து அதே இடத்தில் குப்புறப் போட்டார்கள்.

அதற்கு அடுத்த நாளே மைக்செட்காரர் கண் விழித்துவிட்டார். வீட்டுக்காரம்மா வந்து சொன்னார்: "மரத்துல குழாய சரி பண்ண ஏறி வுழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டானாம். பொண்டாட்டி தம்பிய காட்டிக் குடுத்தா அவ வாழ வருவாளா?" மச்சான் வெளியே வந்தான். அன்றைக்கே மூன்று பேரும் எங்கள் வாசலில் வந்து நின்று என்னைப் பெயர் சொல்லி, தாயைச் சொல்லித் திட்டினார்கள். நெட்டை மனிதர் கேட்டருகே போய் நின்றார். கையில் ஒரு விறகுக் கட்டை. அவர்கள் போய்விட்டார்கள். வெள்ளைக்காரர்கள் கிளம்பும் வரைதான் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் குழுவை மெட்ராஸ் கொண்டுபோகும் வேனில் நானும் ஏறிக்கொண்டேன். அந்த அம்மாள் தன் சீட்டை விட்டு என்னைக் கால் நீட்டிக்கொள்ளச் சொன்னார். வழியில் யாரும் பாடவில்லை. செஞ்சி தாண்டியதும் நெட்டை மனிதர் டேப் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அது கோர்ட் பெட்டிக்குள் போய்விட்டது, கேஸ் விழுந்தாலும் திரும்பி வராது என்றேன். அடிபட்டவர் விழுந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்ததையும், இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் டேப் இல்லாமலே என்னை விட்டிருப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவர் கண் விழிக்காமல் போயிருந்தால்?" என்று கேட்டார்.

திண்டிவனத்தில் இறங்கினேன். வீங்கிய காலுக்குள் செருப்பு நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.