லயத்து முகவரியோடு கண்டி நூலகத்துக்கு

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை நானும் அப்பாவும் ஹேவாஹெட்டயிலிருந்து கண்டிக்குப் போய் வந்தோம். கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ இல்லை, நூலகத்தில் அங்கத்தவராகச் சேர. எங்கள் பாடசாலை நூலகம் என்பது இரண்டு அலுமாரிகள். பெருமழையில் கூரை ஒழுகி ஒன்று முழுதாக நனைந்துவிட்டது. மற்றதில் இருந்ததை எல்லாம் படித்துவிட்டேன், கோழி வளர்ப்பு உட்பட. வரலாற்றுப் பாடத்துக்கு, இந்தியாவிலிருந்து கடல் கடந்த எங்கள் ஆட்கள் மலைநாட்டுக்கு நடந்து வந்த பாதைகள் பற்றி ஓர் ஒப்படை எழுத வேண்டும். அதற்கான புத்தகம் கண்டியில் இருக்கிறது, அங்கத்தவர் என்றால் இரண்டு வாரத்துக்கு வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று டீச்சர் சொன்னார். தேயிலைத் தோட்டத்திலிருந்து இப்படிப் போக நினைக்கும் மற்றப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

வீடு என்று எழுதிவிட்டேன். அந்த மழையில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, பின்னால் இருக்கும் மேட்டில் வெடிப்பு விழுந்தது. புது வீடு தரும்வரை என்று சொல்லிப் பத்துக் குடும்பங்களையும் பழைய பிள்ளை மடுவத்துக்கு மாற்றினார்கள். முன்பு கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போன ஒரே பெரிய அறை அது. நடுவில் சேலைகள் கட்டிப் பிரித்து நான்கு மாதமாக இருக்கிறோம். அங்கே யாராவது இருமினால் எல்லோரும் விழித்துக்கொள்வோம்.

காலை 5.20க்குப் புறப்பட்டு டவுனுக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தோம். 6.40க்குப் பஸ். கண்டிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஆளுக்கு 130 ரூபாய். பாதி வழியில் மண் சரிந்த இடத்தில் பஸ் நின்றுவிடும். அரைக் கிலோமீட்டர் நடந்து, அந்தப் பக்கம் காத்திருக்கும் பஸ்ஸில் ஏற வேண்டும்.

"எல்லாரும் இறங்குங்க, இனி நடராஜா சர்வீஸ். இதுவும் டிக்கட்டுல சேர்த்திதான்" என்றார் கண்டக்டர்.

மரக்கறி மூட்டையோடு இருந்த ஒரு அக்கா எழும்பவே இல்லை. "டிக்கட்டுல சேர்த்தின்னா மூட்டைய நீங்க தூக்குங்க" என்றார். கண்டக்டர் உண்மையாகவே தூக்கினார். வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கண்டியில் இறங்கும்போது 9.35. வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வாவியைப் பார்க்க ஆசைதான், கால்தான் கேட்கவில்லை. கடையில் பிளேன்டீ குடித்து, கொண்டுபோன ரொட்டியைக் கட்டச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு நூலகத்துக்கு நடந்தோம்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும், கிராம சேவகர் கடிதமும் வேண்டும். இரண்டும் இருந்தன. படிவத்தை நானே நிரப்பினேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் யோசிக்காமல், 'பத்தாம் நம்பர் லயம், மேல் பிரிவு' என்று எழுதித் தோட்டத்தின் பெயரையும் போட்டேன். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். வீட்டுக்கென்று தனி நம்பர் கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்கு வரும், யாருடையது என்று அங்கே தெரியும்.

கவுண்டரில் இருந்த மிஸ், பேச்சைக் கேட்டால் கண்டிக்குக் கிட்டத் திகன ஊர்ப் பக்கம் போல, முஸ்லிம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மகள், கிராம சேவகர்ட கடிதத்தில பிள்ளை மடுவம்னு இருக்குது. நீங்க லயம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒண்டா இருக்கணுமே."

"அதை வெட்டிட்டு மடுவம்னு எழுதவா, அப்பா?" என்றேன்.

அப்பா பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். எழுதவில்லை. "எழுதிக் குடுத்துட்டா லயத்த நாமளே விட்டுட்டோம்னு ஆயிரும் பாப்பா. புது வீடு குடுக்கும்போது லயத்துப் பேரு இருக்கான்னுதான் பாப்பாங்கன்னு சொல்றாங்க."

மடுவத்தில் எல்லோரும் பேசும் பயம் இது. சரியா தவறா என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அப்பா மிஸ்ஸிடம் நேராகவே கேட்டார், "இத எழுதினா எங்க லயம் போயிருமாங்க?"

மிஸ் தாள்கள் இரண்டையும் கீழே வைத்தார். "இது எங்கட புத்தகத்துக்கு மட்டும்தான், அண்ணன். போகாதுன்னுதான் நான் நினைக்கிறன். ஆனா அங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத சொல்ல ஏலா."

எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை, அதற்காகத்தான் விடியற்காலையிலிருந்து நடந்தோம். ஆனால் அப்பா பேனாவைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது. "வேணாம்பா. இங்கேயே இருந்து படிச்சிக்கிறேன்."

"அம்புட்டையும் படிச்சிருவியா?"

"படிச்சிருவேன்."

அது முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம். 10.50இலிருந்து 1.30 வரை பதினான்கு பக்கங்கள்தான் எழுதி எடுத்தேன். மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக வந்த பாதையின் வரைபடத்தையும் பார்த்து வரைந்தேன். காய்ச்சலோடு காட்டு வழியில் நடந்தவர்கள் எந்தெந்தத் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. தோட்டங்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன, போனவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அன்றும் எங்கள் முகவரி தோட்டத்தின் பெயர்தான். எதிர்க் கதிரையில் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனார். வாரம் முழுக்கத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கைகள். யாரும் அவரை எழுப்பவில்லை, அதற்காக அந்த நூலகத்தை எனக்குப் பிடிக்கும்.

புறப்படும்போது அப்பா திரும்பிக் கவுண்டருக்குப் போனார். "எழுதாத படிவம் ஒன்னு குடுங்க மிஸ். யோசிச்சு எழுதிக் கொண்டாறேன்." மிஸ் இரண்டு கொடுத்தார். "ஒண்டு பிழைச்சா மத்தது" என்றார்.

2.15க்குப் பஸ், மறுபடியும் அந்த அரைக் கிலோமீட்டர் நடை. மடுவத்துக்கு வந்தபோது 6.30. செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை என்றால் முதல் பஸ்ஸையே பிடியுங்கள். சரிவைக் கடக்க, சேற்றுக்கு ஏற்ற செருப்பு வேண்டும். அங்கத்தவராக இல்லாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம், பென்சிலும் கொப்பியும் கொண்டு போங்கள். கிராம சேவகர் கடிதத்தை வாங்கியவுடன் அதில் என்ன முகவரி இருக்கிறது என்று வாசியுங்கள். அதை என்ன செய்வது என்று வீட்டில் பேசிவிட்டுப் புறப்படுங்கள், கவுண்டருக்கு முன்னால் நின்று பேசாதீர்கள்.

ஒப்படையைப் பதினான்கு பக்கங்களை வைத்தே எழுதிக் கொடுத்துவிட்டேன். படிவங்கள் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கின்றன, இன்னும் எழுதவில்லை. நான் கேட்பதில்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் அம்மா அவற்றை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைக்கிறார். சட்டை காய்ந்ததும் அப்பா திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்.