உயிர்க்கொலை இல்லாத மை

மாயாஜாலக் கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று என் பெரியப்பா சொல்லுவார். நான் கெட்டுத்தான் போனேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. கெட்டுப்போனதால்தான், பதினோரு வயதில், பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்த கூடத்தில் ஒரு மந்திரவாதியின் முகத்துக்கு நேராக என்னால் பொய் சொல்ல முடிந்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. செஞ்சியில் எங்களுக்கு மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலை என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். பெரியப்பாவும் நைனாவும், அதாவது என் அப்பாவும், ஒரே வீடு, ஒரே கடை. கடையில் பொட்டலம் மடிக்கப் பழைய காகிதத்தை எடை போட்டு வாங்குவார்கள். அந்தக் கட்டுகளுக்குள் குழந்தைப் பத்திரிகைகள் கிடக்கும். பொட்டலமாவதற்குள் நான் உருவிக்கொள்வேன். எல்லாம் தலையில்லாத, வாலில்லாத கதைகள். ராஜகுமாரன் கல்லாகிப்போன இதழ் கிடைக்கும்; அவன் மீண்டு வந்த இதழ் யார் வீட்டுக்கோ கால்படி கடலையோடு போயிருக்கும். முடிவு தெரியாத ஆத்திரத்தில்தான் நான் மந்திரங்களை வகை பிரிக்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன்.

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். வாயால் சொல்லும் மந்திரம் ஒரு வகை. ஓர் எழுத்து பிசகினால் சொன்னவன் தலையிலேயே விடியும். மோதிரம், கம்பளம், பாதரட்சை என்று பொருளுக்குள் இருக்கும் மந்திரம் இன்னொரு வகை. அது யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு வேலை செய்யும், நல்லவன் கெட்டவன் பார்க்காது. அதை நான் மட்டமான மந்திரம் என்று எழுதியிருந்தேன். தவம் செய்து வாங்குகிற வரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அது உழைத்து வாங்கியது. கூடு விட்டுக் கூடு பாய்கிறவனுக்கோ, விட்டுவிட்டு வந்த சொந்த உடம்பை எறும்பு அரிக்காமல் யார் பார்த்துக்கொள்வது என்பதே பெருங்கவலையாக இருக்கும். உயிரை ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் ஒளித்து வைப்பவனைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். எந்த வகையானாலும் ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும். இதைச் செய்தால் பலிக்கும், இதைச் செய்தால் பலிக்காது என்ற கட்டுப்பாடே இல்லாத மந்திரம் வந்தால், எழுதினவன் சோம்பேறி என்று குறித்து வைப்பேன்.

அதற்கு மேல் எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு ஒன்று உண்டு. நாங்கள் ஜைனர்கள், நயினார் வீடு. எறும்புக்கும் நோகக் கூடாது. எனவே கோழி, ஆடு பலி கேட்கும் மந்திரங்களுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. தேன் கலக்கும் மருந்துக்கும் பெருக்கல் குறி. மூலிகையை வேரோடு பிடுங்க வேண்டும் என்றாலும் பெருக்கல் குறிதான், நாங்கள் கிழங்குகூடச் சாப்பிடுவதில்லை. கடைசியில் எங்களுக்கென்று மிஞ்சிய மந்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்று, வெற்றிலையில் தடவிப் பார்த்தால் திருடியவர் முகம் தெரிகிற மை.

அந்த மைதான் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தோம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷம் முடிந்து வந்ததும் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கூடத்தில் ஒரு தாம்பாளத்தில் வைக்க வேண்டும். பெரியப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். சாவி அவர் அரைஞாணில் தொங்கும். அன்று அவர் பூட்ட வந்தபோது அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியைக் காணோம். அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது அது.

கூடத்தின் ஓரத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் பச்சையம்மா. வல்லத்திலிருந்து பருவத்துக்குப் பருவம் வருபவள். மேற்கொண்டு யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை. அவள் முந்தானையை உதறிக் காட்டினாள், கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள், வைத்திருந்த வெற்றிலைப் பையையும் கொட்டிக் காட்டினாள். ஒன்றும் இல்லை. இல்லாததையே பெரியப்பா சாட்சியாக எடுத்துக்கொண்டார். எங்கேயோ மறைத்துவிட்டாள் என்றார். போலீசுக்குப் போனால் குடும்ப மானம் போகும், மை போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். மையில் அவள் பெயர் வந்துவிட்டால் செஞ்சியில் ஒரு கடையிலும் அவளுக்கு வேலை கிடைக்காது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மறுநாளே மை போடுகிறவர் வந்தார். வந்ததும் ஒரு சேவல் கேட்டார். பெரியப்பா காதைப் பொத்திக்கொண்டார். சரி, முட்டை என்றார். அதுவும் ஆகாது. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவுவது ரத்தம் மாதிரி இருக்கிறதே என்று நைனா முனகினார். அதையும் வேண்டாம் என்று விலக்கி வைத்தார்கள். இருட்டின பிறகுதான் தெய்வம் இறங்கும் என்றார் அவர். பொழுது சாய்வதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கையலம்ப வேண்டும், இருட்டினால் பச்சைத் தண்ணீரோடு சரி, அதனால் நாலு மணிக்குள் தெய்வத்தை இறக்கிவிடுங்கள் என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கடைசியாக, மை எதிலிருந்து செய்தது என்று பெரியப்பா கேட்டார். ஊர் ஊராகப் போய் மண்டையோட்டில் செய்த மை என்று பெருமை பேசுகிற மனிதர், கரிசலாங்கண்ணியும் விளக்கெண்ணெயும் தவிர ஒன்றும் இல்லை நயினாரே என்று சத்தியம் செய்தார். உயிர்க்கொலை இல்லாத மை. பெரியப்பாவின் மனம் குளிர்ந்தது. எறும்பு மிதிபடாமல் மெல்லப் பெருக்கிய இடத்தில் பச்சையம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மையை எல்லாரும் பார்க்க முடியாது. வயதுக்கு வராத பெண்பிள்ளை வேண்டும், அதுவும் பிறக்கும்போது கால் முதலில் வந்த பிள்ளையாக இருந்தால் தெளிவாகத் தெரியும் என்றார் அவர். வீட்டில் அப்படி வந்து அம்மாவைப் பாடாய்ப் படுத்தியவள் நான் ஒருத்திதான். என்னை மணையில் உட்கார வைத்தார்கள். வெற்றிலையில் கறுப்பாகத் தடவி என் கையில் கொடுத்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன். கதையில் மட்டும் பார்த்தது கைக்கு வந்துவிட்டது. கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். ஆஞ்சநேயர் வந்து இடம் பெருக்குகிறாரா என்று மை போடுகிறவர் கேட்டார். இல்லை. அப்படியானால் உங்கள் யட்சியம்மா வருகிறாளா பார் என்று வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கேட்டார். அதுவும் இல்லை. வெற்றிலையில் என் மூக்குதான் தெரிந்தது. ஏமாற்றத்தில் எனக்கு அழுகையே வந்தது.

அப்போது அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒரு பொம்பள தெரியுது பாரு பாப்பா. கறுப்பா. இடுப்புல கூடை. தெரியுதுன்னு சொல்லு" என்றார்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. மை என் கையில் இருக்கிறது, பார்க்கிறவள் நான், கூடை மட்டும் இவருக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்த கதைகளில் மை போட்டால் அரசனின் சொந்தத் தம்பி அகப்படுவான், மந்திரி அகப்படுவான். ஒரு கதையிலாவது கூடை சுமக்கிறவள் அகப்பட்டதில்லை. எங்கள் வீட்டு மை அவளைத் தேடியே புறப்பட்டு வந்திருந்தது.

பச்சையம்மா என்னைக் கெஞ்சவில்லை. கும்பிடவில்லை. சொல்வதைச் சொல்லிக்கோ என்பது போல நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கெஞ்சியிருந்தால் பயத்தில் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அந்தப் பார்வையில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த மையை எல்லார் முன்னாலும் நாறடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதற்கு, நடக்கவே முடியாத ஒன்று மையில் தெரிய வேண்டும்.

"தெரியுது" என்றேன்.

யார் என்று பெரியப்பா கேட்டார்.

"எங்கம்மா."

"நல்லா பார்த்துச் சொல்லு."

"நல்லாத்தான் பாத்தேன். அம்மாதான். தாம்பாளத்துல இருந்து சங்கிலிய எடுத்து முந்தானையில முடியறாங்க. யாராச்சும் வராங்களான்னு திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க."

கடைசி வரி தேவையில்லாதது. கதை படித்த கொழுப்பு, அலங்காரத்துக்காகச் சேர்த்தேன்.

முதலில் சிரித்தவர் நைனா. பிறகு பெரியம்மா சிரித்தாள். தன் நகையைத் தானே எவளாவது திருடுவாளா என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். மை போடுகிறவர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு மணிக்கு இறக்கினால் தெய்வம் இப்படித்தான் பேசும் என்று முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைக் கட்டினார். பெரியப்பா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். கணக்கு நோட்டையும், நான் சேர்த்து வைத்திருந்த காகிதங்களையும் அன்றே வெந்நீர் அடுப்பில் போட்டார். போட்டால் என்ன? எனக்கு எல்லாம் மனப்பாடம். மறுநாளே வேறு நோட்டில் முதல் வகையிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

நைனா பச்சையம்மாவிடம் வந்து, மனசில் வைத்துக்கொள்ளாதே, நாளைக்கு வழக்கம் போல வந்துவிடு என்றார். அவள் கூடையில் இருந்த மல்லாட்டையைத் தரையில் கொட்டினாள்.

"நீங்களே உடைச்சிக்குங்க நயினாரே" என்று சொல்லிவிட்டு வெறுங்கூடையோடு தெருவில் இறங்கி நடந்தாள். அவள் நடந்த நடையைப் பார்த்து, நான் ஜெயித்துவிட்டதாக எனக்கு ஒரே கர்வம். கன்னம் எரிந்துகொண்டிருந்தது, அதுவும் நன்றாகவே இருந்தது.

அம்மா மட்டும் என்னைத் திட்டவில்லை. எல்லார் முன்னாலும் திருடி என்றதற்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று சாப்பாடு போட்டபோது சோற்றை இலைக்கு வெளியே போட்டுவிட்டாள். வெகுநாள் வரை என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. பெரியப்பாவை நான் எதிர்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உன் பயம் உனக்கு, எனக்கென்ன என்று நானும் விறைப்பாகவே இருந்தேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிய பிறகு ஒருநாள், என் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், முன்னும் பின்னும் இல்லாமல், "அன்னிக்கு மையில நான் எப்டி இருந்தேன்? அழுதுகினு இருந்தேனா?" என்று கேட்டாள்.

மையில் ஒன்றும் தெரியவில்லை, நான் இட்டுக்கட்டினேன் என்றேன். அவள் நம்பவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தது வரைக்கும் சொன்னாயே என்றாள்.

பிறகு சொன்னாள். அம்மாவின் தங்கை, என் சித்தி, இருபது வயதில் தாலியறுத்து வீட்டோடு கிடந்தாள். அவளைத் திண்டிவனத்தில் வாத்தியார் பயிற்சிக்கு அனுப்ப அம்மா தன் சங்கிலியைக் கேட்டிருக்கிறாள். பெரியப்பா இரண்டு முறை மறுத்திருக்கிறார். அந்த வருடம் சித்தி எப்படியோ பயிற்சியில் சேர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவள் வாத்தியாராகி எனக்கு வாங்கித் தந்த கதைப் புத்தகங்களும் நினைவிருக்கின்றன. தன் நகையைத் தானே எவளாவது திருடுவாளா என்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பெட்டிக்குள் போய்விட்டால் அது அவளுடையது இல்லை என்பது பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவை அந்த வீட்டில் எதிர்த்தவள் நான் ஒருத்திதான் என்ற மிதப்பிலேயே வளர்ந்தேன்.

கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் கேட்டேன். நான் பச்சையம்மா என்று சொல்லியிருந்தால், நீ வாயைத் திறந்திருப்பாயா?

அம்மா ஒரு கட்டுக் கீரையை முழுதாக ஆய்ந்து முடித்தாள்.

"தெரியலடி" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவகிட்ட போய் ஒருவாட்டி சொல்லிட்டு வரணும்னு இருந்தேன். வல்லம் இன்னா தூரமா, பஸ்ஸு போவுது" என்றாள்.

அம்மா போகவில்லை. நானும் போகவில்லை. அன்று வெறுங்கூடையோடு நடந்தவள், நடுப்பருவத்தில் வேறு எந்தக் கடையில் போய் வேலை கேட்டாள், என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கன்னம் எரிய எரிய நான் வாசலில் நின்று அவள் நடையைத்தான் பார்த்தேன்; எங்கே போகிறாள் என்று பார்க்கவில்லை.