துயரமில்லாத தொண்ணூற்றொன்பது நாட்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் உதிரிபாகம் செய்கிற அந்தக் கம்பெனிக்குள் நுழைந்ததும் இரண்டு பலகைகள் கண்ணில் படும். ஒன்று பழையது, ‘விபத்தில்லா நாட்கள்’. இன்னொன்று புதியது, ‘துயரமில்லா நாட்கள்’. இரண்டிலும் தினமும் காலையில் எண் தகடுகளைக் கழற்றி மாட்டுகிறவர் பிரகாசம். வயது ஐம்பத்து நாலு, குடியிருப்பு வேப்பம்பட்டு, வேலை ஸ்டோர்ஸில். எண் விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. எந்த ரேக்கில் எத்தனை நட்டு, எத்தனை வாஷர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பழைய பலகை ஆயிரத்து நானூறைத் தாண்டியிருந்தது. நடுவில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற நடேசனுக்கு இடது மோதிர விரலின் நுனி அதில் போனதே, அது எந்தக் கணக்கில் வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. விரல் போன ஐந்தாவது நிமிஷம் பிரகாசம்தான் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கள்ளிக்குப்பத்தில் ஒரு கிளினிக்குக்குப் பறந்தார். அதற்குள் பதிவேட்டில் நடேசனுக்கு அன்று லீவு போட்டாகிவிட்டது. லீவில் இருப்பவனுக்குக் கம்பெனிக்குள் எப்படி விபத்து நடக்கும்? மறுநாள் பிரகாசம் வழக்கம்போல ஒன்றைக் கூட்டி மாட்டினார். அவரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தில் நம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்போம்.

புதிய பலகை தேவிப்பிரியாவின் கைங்கரியம். கோயம்புத்தூரிலிருந்து வந்த எச்.ஆர். மேடம். நட்சத்திர ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனவர் திரும்பும்போது மகிழ்ச்சியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். பலகையில் எல்லாருடைய போட்டோவும் இருக்கும். பக்கத்தில் அவரவர் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு காந்த முகத்தை ஒட்ட வேண்டும். ஒரே ஒரு சிவப்பு விழுந்தாலும் கணக்கு சைபருக்குப் போய்விடும். நூறு நாள் சேர்ந்தால் எம்.டி. நேரில் வந்து எல்லாருக்கும் மட்டன் பிரியாணி.

முதல் வாரத்தில் ராஜசேகரன் என்கிற வெல்டர் வெள்ளந்தியாக ஒரு சிவப்பை ஒட்டித் தொலைத்தார். உடனே ‘ஒய்-ஒய்’ போட்டார்கள். ஒரு பாகம் பழுதானால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்கிற முறை அது. ஏன் துயரம்? காலையில் பெண்டாட்டியோடு சண்டை. ஏன் சண்டை? உப்புமா. ஏன் உப்புமா? இட்லி மாவு புளித்துவிட்டது. ஏன் புளித்தது? ஃப்ரிட்ஜ் ரிப்பேர். ஏன் ரிப்பேர் பார்க்கவில்லை? ராஜசேகரன் ஆறு மாதமாகத் தள்ளிப்போடுகிறார். மூல காரணம், ராஜசேகரன். திருத்த நடவடிக்கையாக அவருக்கு நேர மேலாண்மை வகுப்பு, அவருடைய ஷிஃப்டுக்கே சிரிப்பு யோகா.

மறுநாளிலிருந்து கம்பெனியில் ஒருத்தருக்கும் துயரம் இல்லை. தாயாருக்குக் காரியம் முடித்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்த லேத் ஆப்பரேட்டர்கூடப் பச்சையை ஒட்டிவிட்டுத்தான் மெஷினுக்குப் போனார். அழுகை வந்தவர்களுக்கு ஸ்டோர்ஸின் பின்னால் கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே இடம் இருந்தது. பிரகாசம் ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுப்பார், முகம் துடைக்க வேஸ்ட் துணியும் கொடுப்பார்.

அந்த ஸ்டூலில் மதிய இடைவேளையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. பிரகாசமேதான்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் முடிந்த வாரத்தில் அவருக்கு இது ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் சட்டைப் பொத்தானைப் போடுவதே பெரிய வேலையாக இருந்தது. சோறு மண்ணாக இருந்தது. இத்தனைக்கும் குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மகன் ஆன்சன் பெங்களூரில் நல்ல வேலை, மகள் பெனிஷாவுக்குக் கல்யாணம் முடிந்து பேரனும் பிறந்தாகிவிட்டது. மனைவி ஆக்னஸ் நவநாள் ஜெபம் வைத்தாள். ஆன்சன் தியான வீடியோ ஒன்றை அனுப்பினான். கொழுந்தியாள் வந்து, “ஒங்களுக்கு இன்னா மாமா கொறைச்சல்?” என்று அவருடைய பாக்கியங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிட்டுப் போனாள். எண்ணி முடித்தபோது தான் நன்றிகெட்டவன் என்பதும் சேர்ந்து அவர் தலையில் விழுந்தது.

அவருக்குப் பயம் வந்தது வேப்பம்பட்டு ஸ்டேஷனில்தான். லோக்கலுக்குக் காத்திருக்கும்போது நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று கடக்கும். கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் கேட்டாலே பிரகாசம் பின்னால் போய்த் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். துயரமில்லா நாட்கள் தொண்ணூற்றேழு ஆன காலை, அடுத்த தெருக்காரனான நடேசன் அதைப் பார்த்துவிட்டான்.

“இன்னா மாமே, தூண இன்னாத்துக்கு கட்டிக்கினு கீற?”

பிரகாசம் சிரித்து மழுப்பப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “வண்டி வரச்சொல்ல காலு அதுவா முன்னாடி போவுது நடேசா. புடிச்சுக்கினா போவாது.”

லோக்கல் வந்தது, ஏறினார்கள். ஆவடி தாண்டியதும் நடேசன் சொன்னான்: “வுழுந்தா மட்டும் எழுதாதீங்க, வுழ இருந்தாலும் எழுதுங்கன்னு எங்களுக்கு நீதான சொல்லுவ? இது நியர் மிஸ்ஸு மாமே. எழுதிக் குடு.”

நியர் மிஸ் என்பது மஞ்சள் தாள். நடக்க இருந்து நடக்காமல் போன விபத்தை அதில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். யாரும் போட்டதில்லை. வருஷா வருஷம் ஆடிட்டுக்கு முந்தின நாள் பிரகாசமே பத்துத் தாளை வேறு வேறு பேனாவில், ‘தரையில் எண்ணெய், யாரும் வழுக்கவில்லை’ என்று எழுதி நிரப்புவார். அன்றுதான் முதல் தடவையாக உண்மையைச் சொல்லி ஒரு தாள் எழுதினார். இடம்: வேப்பம்பட்டு ஸ்டேஷன். என்ன நடக்க இருந்தது: நான் போயிருப்பேன். பார்த்தவர்: நடேசன்.

தாளைப் படித்த தேவிப்பிரியா வெளுத்துப்போனார். அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் சுவரில் தொண்ணூற்றேழு இருந்தது. எம்.டி.யின் தேதி வாங்கியாகிவிட்டது. கரையான்சாவடியில் பிரியாணிக்கும் சொல்லியாகிவிட்டது. அரை மணி நேரம் மேலிடத்தோடு போனில் பேசிவிட்டு வந்தார்.

“அண்ணா, கேட்டுட்டனுங்க. இது கம்பெனி கேட்டுக்கு வெளியில நடந்ததுங்க. வெளியில நடக்கற விபத்து நம்ம கணக்குல வராதுங்கல்ல? அதே ரூல்தானுங்க இதுக்கும். நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க. பச்சையை நானே ஒட்டிக்கறேனுங்க.”

பிரகாசம் தலையாட்டினார். நடேசனின் விரலைக் கணக்குக்கு வெளியே தள்ளிப் பலகையில் ஒன்றைக் கூட்டி மாட்டியவரே அவர்தானே.

நடேசன் விடவில்லை. சனிக்கிழமை மதியம் ராஜசேகரனின் பைக்கை வாங்கிக்கொண்டு வேப்பம்பட்டுக்கே வந்து நின்றான். “அன்னிக்கு நீ என்ன இட்டுக்கினு போன. இன்னிக்கு நான் இட்டுக்கினு போறேன், ஏறு” என்றான். பூந்தமல்லி ரோட்டில் ஒரு பாலிகிளினிக்கில் மனநல மருத்துவர் எழிலரசி, தைராய்டுக்கும் பல்லுக்கும் வந்தவர்களுக்கு நடுவே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். வெளியில் காத்திருந்த நேரமெல்லாம் பிரகாசம் ஐந்து ஏனுக்கும் பதில் தயார் செய்துகொண்டிருந்தார். முதல் ஏனிலேயே மாட்டிக்கொண்டு நின்றார்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

“இருநூத்திப் பதினாலு நாளு.” அவரையறியாமல் வந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு பலகை, தினமும் ஒன்று கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

டாக்டர் எழுதிக்கொண்டு, “தூக்கம்? சாப்பாடு?” என்றார்.

“ஏன்னு கேக்க மாட்டீங்களா டாக்டர்?”

“காரணம் கிடைச்சாத்தான் வைத்தியம்னு இல்லையே. ரொம்ப வலிக்குதா, அதச் சொல்லுங்க முதல்ல.”

பிரகாசம் அழுதார். வேஸ்ட் துணி இல்லாததால் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். மாத்திரை, வாராவாரம் வந்து பேச வேண்டும், ஆக்னஸிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், கொஞ்ச நாளைக்கு பிளாட்ஃபாரத்தில் தனியாக நிற்கக் கூடாது. இவ்வளவையும் நடேசன் அருகில் நின்று கேட்டுக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை நூறாவது நாள். லீவு முடிந்து வந்த பிரகாசத்திடம், திரைக்குப் பின்னால் ஒன்று, சைபர், சைபர் மாட்டச் சொல்லித் தகட்டுப் பெட்டியைக் கொடுத்தார்கள். பத்து மணிக்கு எம்.டி. நாடாவை இழுத்தார். திரை விலகியது. பலகையில் ஒரே ஒரு சைபர் இருந்தது. பிரகாசத்தின் போட்டோவுக்குப் பக்கத்தில் சிவப்பு முகம்.

கைதட்டப் போனவர்களின் கைகள் பாதியில் நின்றன.

“இங்க யாரு பிரகாசம்?” என்றார் எம்.டி.

“நான்தான் சார். இருநூத்திப் பதினேழு நாளா. கேட்டுக்கு உள்ளயும்தான் சார்.”

பின்வரிசையிலிருந்து நடேசன் பழைய பலகையைக் காட்டினான். “அதுலயும் கணக்கு ஒதைக்குது சார்.” காட்டிய கையில் ஒரு விரல் குட்டையாக இருந்தது.

எம்.டி. விரலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “பிரியாணி ஆறிடும். எல்லாரும் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சாப்பிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, பிரியாணி நன்றாகவே இருந்தது.

பலகைப் பொறுப்பு இப்போது ராஜசேகரனிடம். மகிழ்ச்சி மறுபடியும் ஒன்றிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பிரகாசத்துக்காக ‘சிகிச்சையில்’ என்று ஒரு சாம்பல் நிற முகம் புதிதாக அடித்திருக்கிறார்கள். அது கணக்கில் வராது. ஒரு சாம்பல் முகம் போதும் என்று நினைத்திருந்தார்கள். போன வாரம் இன்னும் பதினொன்று அடிக்க வேண்டி வந்தது. முதலில் வந்து கேட்டு வாங்கியவர் மொட்டைத் தலையில் இப்போதுதான் முடி முளைக்கிற அந்த லேத் ஆப்பரேட்டர்.

பிரகாசத்துக்கு முழுசாகச் சரியாகிவிடவில்லை. பொத்தான் போட இப்போதும் சில காலைகளில் நேரமாகிறது, ஆக்னஸ் வந்து போட்டுவிடுகிறாள். வேப்பம்பட்டில் எக்ஸ்பிரஸ் சத்தம் தூரத்தில் கேட்டதும் அவர் கண் தானாகத் தூணைத் தேடுகிறது.

“அத்த வுடு மாமே” என்று நடேசன் இடது கையை நீட்டுகிறான்.

வண்டி முழுசாகக் கடந்து போகும்வரை பிரகாசம் அந்தக் குட்டை விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.