பதினாறு இலக்கமும் நாலு பலகையும்

நாலு பேரின் ஆட்டத்தை ஒருவர் காதால் வாங்கிக் கொடுக்கும் வேலையில் கவனம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். சதுரங்கத்தைப் போனில் ஆடலாம் என்று யாரோ சொல்லக் கேட்டுத்தான் எங்கள் ஊர்காவற்றுறைச் சதுரங்கச் சங்கம் கடலுக்கு அப்பால் இருக்கும் நெடுந்தீவோடு போட்டி வைத்தது. கரம்பொன்னில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். உத்தியோகம் இன்னும் வரவில்லை. போனில் இலக்கம் கேட்டு வாங்கும் வேலை வந்தது.

முழுவதும் எழுதி முடித்து

நெடுந்தீவார் நகர்த்தும் காய் நின்ற கட்டத்துக்கு இரண்டு இலக்கம், அது போகும் கட்டத்துக்கு இரண்டு. நாலு பலகைக்கும் பதினாறு, ஒரே மூச்சில் வரும். நாங்கள் பலகை வைத்திருந்த தபாற்கந்தோரில் போன் மணி அடித்ததும் எங்கள் ஆட்டக்காரரின் கடிகாரங்கள் ஓடத் தொடங்கும். பிழை விடக்கூடாதென்று பதினாறையும் எழுதி, இரண்டுதரம் சரிபார்த்து, பிறகுதான் காய்களைத் தொட்டேன். நாலாம் பலகையில் இருந்த தையல்காரி தவமணி அக்கா கடிகாரத்தைக் காட்டினா.

"பிள்ளை, என்ர நாலு இலக்கத்தைத் தர, மற்ற மூண்டு பேரின்ர சோதனைத்தாளும் திருத்தி முடியவேணுமோ?"

வெறுங்கட்டம்

அதன்பின் நாலு இலக்கம் காதில் விழுந்ததும் அந்தப் பலகையில் காயை நகர்த்தினேன். ஐந்தாவது இலக்கம் வருவதற்குள் முதலாம் பலகைக்காரர் யோசிக்கத் தொடங்கியிருந்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த அழைப்பில் இரண்டாம் பலகைக்கு வந்த இலக்கம் காயே இல்லாத கட்டத்தைக் காட்டியது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நெடுந்தீவோடு வாதாடினேன். மற்றவர்களின் நேரம் போய்க்கொண்டிருந்தது. தபாலதிபர் தலையை நிமிர்த்தினார்.

"ஒரு கடிதத்தின்ர விலாசம் விளங்கேல்லை எண்டு முழுப் பையையும் நான் கட்டி வைக்கிறனானே? அதை ஒரு பக்கம் வைச்சிட்டு மிச்சத்தைக் குடும்."

நாலாம் பலகை முதலில்

கடைசியில் வெல்லக்கூடிய ஆட்டம் அக்காவுடையது மட்டுமே. அவவுக்கு இரண்டு நிமிடம்தான் மிச்சம். பலகை எண்ணை முன்னால் சொல்லி, நாலாம் பலகையை முதலில் வாசிக்கும்படி நெடுந்தீவிடம் கேட்டிருந்தேன். மணி அடித்தது. நாலு, ஐந்து, எட்டு, ஆறு, எட்டு. எதிரியின் ராஜாவை ஒரு கட்டம் தள்ளினேன். லைன் அறுந்தது. நான் "ஹலோ, ஹலோ" என்று கத்த, அக்கா ராணியை ராஜாவுக்குப் பக்கத்தில், அது தப்ப வழியில்லாதபடி வைத்துக் கடிகாரத்தை நிறுத்தினா.

"போனோடை பிறகு சண்டை பிடியும் பிள்ளை. ஆட்டம் முடிஞ்சுது."

மறுமுனையில் வாசித்தவரும் உத்தியோகத்துக்குக் காத்திருந்த பட்டதாரிதான் என்றும், லைன் அறுந்தபின்னும் மிச்ச இலக்கம் எல்லாவற்றையும் பிழையின்றி வாசித்து முடித்தே போனை வைத்தார் என்றும் பிறகு அவரிடமே கேட்டு உறுதிசெய்தேன்.